சோம்பு வாசம், ஊதாக் குப்பி

அனிசோல் என்ற கரைப்பானுக்கு லேசான சோம்பு வாசம் உண்டு. ஆய்வகத்தில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் பெட்டியின் கண்ணாடியைத் தூக்கும்போதெல்லாம் ஓட்டல் கல்லாவில் இருக்கும் சோம்புக் கிண்ணம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஒளியைப் பிடித்து அதன் ஆற்றலைக் கைமாற்றும்படி மூலக்கூறுகளை அடுக்குவதுதான் என் வேலை. அனிசோலில் பி3எச்டி என்கிற பாலிமரை, அதாவது ஒளியை உறிஞ்சும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, போட்டுச் சூடாக்கினால் கரைந்து ஆரஞ்சு நிறமாகும். ஹாட்பிளேட்டை அணைத்து மெல்ல ஆறவிட்டால், காலையில் குப்பி ஊதாவாக நிற்கும். நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இடியாப்பம் போலச் சுருண்டு கிடந்த சங்கிலிகள் நிமிர்ந்து, தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு, சுமார் 15 நானோமீட்டர் அகல இழைகளாகிவிடுகின்றன. முதலில் 450 நானோமீட்டர் பக்கம் ஒளியை விழுங்கியது, இப்போது 600 வரை எட்டுகிறது. முதல் தடவை அவசரப்பட்டு ஐஸில் வைத்தேன். அடியில் கறுப்புக் கசடுதான் மிஞ்சியது.

சரி, நிறம் வந்தாயிற்று, ஒளியைப் பிடித்தாயிற்று என்று துள்ள முடியாது. கள்ளநோட்டு பார்க்கிற டார்ச்சை அடித்தால் ஆரஞ்சுக் கரைசல் பளிச்சென்று ஒளிரும்; ஊதாக் குப்பி மங்கிக் கிடக்கும். நெருங்கி அடுக்கியதால் வந்த வினை. பிடித்த ஆற்றலில் பெரும்பகுதி எங்கும் போய்ச் சேராமல் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது.

பச்சையத்துக்கும் இதே வியாதி உண்டு. செறிவான கரைசலில் அது ஒளிராது. ஆனால் ஒளியில் வாழும் ஒருவகை ஊதா பாக்டீரியாவின் எல்எச்2 என்ற ஒளி பிடிக்கும் புரத வளையத்தில் 27 பாக்டீரியப் பச்சைய மூலக்கூறுகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தும் ஆற்றல் வீணாவதில்லை. புரதம் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. தள்ளியும் வைக்க முடியாது: மூலக்கூறுகளுக்கிடையே ஆற்றல் தாவுவதைச் சொல்லும் ஃபோர்ஸ்டர் கணக்குப்படி இடைவெளி இரு மடங்கானால் ஆற்றல் தாவும் வேகம் 64-இல் ஒரு பங்காகிவிடும். எங்களிடம் புரதம் கிடையாது. அடுக்குவதைவிட, எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்குத் தலைவலி.

அதனால் இப்போது மின்னேற்றத்தை நம்பியிருக்கிறேன். நேர் மின்னேற்றம் கொண்ட பாலிஃப்ளோரீன், எதிர் மின்னேற்றம் கொண்ட பாலிதயோஃபீன் என்று இரண்டு பாலிமர்கள்; இரண்டையும் தண்ணீரில் கலந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முன்னது ஒளியைப் பிடிக்க வேண்டும், பின்னது அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். நேற்று ராத்திரி சொட்டுச் சொட்டாக விட்டு டார்ச் அடித்தேன். முன்னதன் நீல ஒளி மங்கியது, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தெரிந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரிமீட்டரில் எனக்குக் கிடைத்த நேரம் திங்கட்கிழமை மாலை 4 மணி.