மதினியும் ஜீப்புக்காரப் பெண்களும்

"மனசத் தைரியமா வச்சுக்கோ" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கேட்கத் தோன்றும்: எதை வைத்து? கையில் காசில்லை, ராத்திரி தூக்கமில்லை, பேச ஆளில்லை. இதெல்லாம் இல்லாமல் தைரியம் மட்டும் எங்கிருந்து வரும்?

கம்பம் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் விடியுமுன்னே அடுப்பு எரியும். தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஜீப் ஏறுவார்கள். சில ஜீப் கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம் பக்கம் போகும், சில குமுளி வழியாக வண்டன்மேடு போகும். எல்லாம் கேரளத்து ஏலத்தோட்டங்கள்தான். என் மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஜீப்பில் போனவர்.

2020இல் கொரோனாவுக்காக எல்லைச் சாலைகளை அடைத்தார்கள். மலை வேலை நின்றது, குழுக்கடன் தவணை மட்டும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு சாலை திறந்தது, ஜீப் ஓடியது, மதினி எழுந்திருக்கவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடியே கிடப்பார். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. போன் அடித்தால் அப்படியே விட்டுவிடுவார். வந்தவர்கள் எல்லாரும் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அரசு மருத்துவமனையில் காட்டினோம். மனச்சோர்வு நோய் என்றார் டாக்டர். மாத்திரை பிடிக்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும், குணமான மாதிரி தெரிந்த பிறகும் பல மாதம் சாப்பிட வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அதை அப்படியே கேட்டோம். மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

ஆனால் மதினியை எழுப்பி உட்கார வைத்ததில் பாதிப் பங்கு அங்கிருந்த சமூகப் பணியாளர் கேட்ட ஒரு கேள்விக்கு உண்டு. "முன்னாடி எதச் செஞ்சா உங்களுக்கு நல்லா இருக்கும்மா?" என்றார். மதினி ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஜீப்புல போறது" என்றார்.

அந்த ஜீப்பை நான் பார்த்திருக்கிறேன். அவரவர்க்கு இடம் உண்டு, மாற்றி உட்கார்ந்தால் சண்டை வரும். வளைவில் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு, மாமியார் கதையிலிருந்து மகள் கல்யாணச் சீர் வரை அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள்.

மனம் சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது, சின்னதாக ஒன்றைச் செய்ய ஆரம்பித்தால் மனம் பின்னாலேயே வரும் என்றார் அந்தப் பணியாளர். மனச்சோர்வுக்கு இதுவும் ஒரு முறையான சிகிச்சைதானாம். இதை மதினியோடு ஜீப்பில் போகிற ஒரு அக்காவிடம் சொன்னேன். மறுநாள் இருட்டிலேயே வாசலில் வந்து நின்றார். "நீ மலைக்கு வர வேணாம்டி. டீக்கடை வரைக்கும் வா, ஜீப்பு கெளம்பினதும் வீட்டுக்குத் திரும்பிரு."

மதினி போனார். சில நாள் போகவில்லை. போகாத நாளில் அந்த அக்கா கோபித்துக்கொள்ளவில்லை, மறுநாள் மறுபடி வந்து நின்றார். காய் எடுப்பு மும்முரமான ஒரு காலையில் மதினி டீக்கடையிலிருந்து திரும்பி வரவே இல்லை. ஏறிவிட்டாராம்.

நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடலும் மனமும் ஊரோடு உறவோடு வாழும் வாழ்வும் நன்றாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1948இலிருந்தே சொல்லி வருகிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதை உரிமையாகவே தந்திருக்கிறது. சரி, சட்டம் எங்கள் தெருவுக்குள் எப்படி வருவது? 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரையோடு வருகிற பெண் இரண்டே கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும்: இந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்தே கிடக்கிறதா? மருத்துவர்களே முதல் சோதிப்புக்குக் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஆமாம் என்றால் மருத்துவமனைக்கு அனுப்பலாம். போனிலேயே மனநல ஆலோசனை சொல்லும் அரசின் டெலி மானஸ் சேவை எண் 14416ஐயும் எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். இரண்டு பக்கமும் பிழைக்கிற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

காய் எடுப்பு ஓய்ந்து மலையில் வேலை குறைகிற மாதங்கள்தான் இப்போது எங்கள் கவலை. அந்த நாட்களில் கீழே திராட்சைத் தோட்ட வேலைக்குச் சேர்ந்தே போவதென்று ஜீப்புக்காரப் பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். மதினி தலைக்கு எண்ணெய் வைக்காமல் இரண்டு மூன்று நாள் வந்தாலோ, போனை எடுக்காமல் விட்டாலோ உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மதினிக்கும் இது தெரியும், அவரே சொல்லச் சொன்னதுதான்.