பிரேக்கர் விழும் நேரம்

கும்பகோணத்தை மையமாக வைத்துப் பாபநாசம் முதல் குத்தாலம் வரை வீட்டு ஏசிகளுக்குப் பழுது பார்ப்பது என் தொழில். சித்திரை பிறந்துவிட்டால் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கும்: "ஏசி போட்டா பிரேக்கர் விழுந்துடுது, கொஞ்சம் வந்து பாருங்க." அழைப்பவருக்குக் கோளாறு எங்கே என்பதில் ஐயமே இருப்பதில்லை; ஏசியில்தான் என்று முடிவு கட்டியிருப்பார். ஆனால் நான் போய்ப் பார்க்கும்போது அந்தக் கோளாறு சுவருக்குள் ஓடும் வயரிலோ, மீட்டர் பெட்டியிலுள்ள ஒரு திருகிலோ, தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரிலோ இருப்பது அடிக்கடி நடக்கிறது. அதனால் கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுவேன்: போட்ட மாத்திரத்தில் விழுகிறதா, வெளியே கம்ப்ரசர் உறுமத் தொடங்கும்போது விழுகிறதா, அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு விழுகிறதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. விழும் நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நேரத்தை வைத்து இவ்வளவு சொல்ல முடிவதற்குக் காரணம், வீட்டில் பிரேக்கர் என்று சொல்லும் எம்சிபியின் அமைப்பு. அந்தச் சிறிய பெட்டிக்குள் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று, இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. மின்னோட்டம் அளவுக்கு மேல் நீண்ட நேரம் போனால் அது சூடேறி மெல்ல வளைந்து கொக்கியைத் தள்ளிவிடும். மற்றொன்று காந்தச் சுருள். மின்னோட்டம் திடீரென்று பல மடங்கு பாய்ந்தால் கண் இமைப்பதற்குள் இழுத்துவிடும். வீட்டு எம்சிபியில் எழுதியிருக்கும் 16 ஆம்பியர் என்பதை 16-ஐத் தாண்டினால் உடனே விழும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அந்த அளவைப் போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனாலும் அது விழக்கூடாது, 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியருக்குச் சற்று மேல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்பதே விதி. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியர்தான். அப்படியிருக்க, அதற்கென்றே தனியாக வைத்த 16 ஆம்பியர் எம்சிபி அரைமணி நேரம் கழித்து விழுகிறதென்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது.

அந்தக் கணக்கு இடிக்கும் இடம்தான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை வயரைச் சுற்றி மாட்டிப் பார்ப்பேன், 7.8 ஆம்பியர் என்று காட்டும். ஏசியில் ஒரு குறையும் இராது. பிறகு மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியின் முகப்பைக் கழற்றினால், எம்சிபியின் கீழ்த் திருகையொட்டி வயரின் உறை பழுப்பேறி, சில வேளைகளில் உருகிக்கூட இருக்கும். திருகைத் தொட்டால் அரைச் சுற்று இலகுவாகத் திரும்பும். தளர்ந்த இணைப்பில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும். 8 ஆம்பியருக்கு அது 6.4 வாட் வெப்பம். கேட்பதற்குச் சிறிய எண்தான், ஆனால் அந்த வெப்பம் முழுவதும் வளையக் காத்திருக்கும் அந்தப் பட்டைக்கு ஓர் அங்குல தூரத்தில் பிறக்கிறது. மின்னோட்டம் மிகுந்ததாக எண்ணிப் பட்டை வளைகிறது. உண்மையில் மிகுந்தது வெப்பம் மட்டுமே. எம்சிபியின் அளவே 30 டிகிரிச் சூழலுக்காகக் குறிக்கப்பட்டது. மேற்குப் பார்த்த வாசலில், வெயில் நேராக விழும் இரும்புப் பெட்டிக்குள், இருபுறமும் சூடான எம்சிபிகள் நெருக்கி நிற்க, மே மாதப் பிற்பகலில் அங்கே எத்தனை டிகிரி இருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். காலையில் விழாத பிரேக்கர் மூன்று மணிக்கு விழுவதற்கு வேறு மர்மம் எதுவும் வேண்டியதில்லை.

இந்த வேலைக்குக் கூலி கேட்பதுதான் சங்கடம். கருகிய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, பழைய எம்சிபியை மாற்றி, திருகை இறுக்கிக் கொடுத்தால், "ஒரு ஸ்குரூவை முறுக்குனதுக்கா இவ்ளோ?" என்று கேட்பார்கள். ஏசியைக் கழற்றிக் கீழே வைத்துத் தண்ணீர் பீய்ச்சிவிட்டு அதே தொகையைக் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள்.

இங்குள்ள பழைய வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று முன்னும் பின்னும் நீண்டுகிடக்கும் வீட்டில் மீட்டர் ரேழியில் இருக்கும். பெரியவர்கள் படுக்கும் அறையோ பின்கட்டில் இருக்கும். நடுவே ஓடும் வயர், இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் போதும் என்று வாழ்ந்த காலத்தில் இழுத்தது, 1.5 சதுர மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் இராது. ஒன்றரை டன் ஏசிக்கு நான் பெட்டியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுக்கச் சொல்வேன். சுவரை உடைக்க வேண்டுமே என்று தயங்குவார்கள். பைப்பைச் சுவரின்மேல் ஓட்டலாம் என்றால் கூடத்தின் அழகு போய்விடும் என்பார்கள். கடைசியில் ஏசியின் பிளக் ஏற்கெனவே இருக்கும் பவர் பாயிண்டுக்கே போய்ச் சேரும். அதே வயரில் கொல்லைப்புற வாட்டர் ஹீட்டரும் இருக்கும். ஹீட்டர் மட்டும் 2 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர். ஏசியோடு சேர்ந்தால் 17. சொன்ன விதிப்படி பார்த்தால் நல்ல எம்சிபி இதற்கு விழ வேண்டியதில்லை. வெயிலும் தளர்ந்த திருகும் துணைக்கு வந்தால் விழும்.

இந்த நிலையில் எல்லா ஊரிலும் ஒரே யோசனைதான் சொல்லப்படுகிறது. "தம்பி, 32 ஆம்பியர் ஒண்ணு மாட்டிடுங்களேன், விழவே விழாது." விழாது என்பது உண்மை. எம்சிபி காப்பது ஏசியை அன்று, வயரை. சுவருக்குள் ஓடும் மெல்லிய வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போகாமல் தடுக்கவே அது அங்கே இருக்கிறது. 1.5 வயருக்கு முன்னால் 32-ஐ மாட்டிவிட்டால் அடுத்துச் சூடேறி அறுவது வயர்தான். அது தேக்கு உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓடுகிறது. இதை மட்டும் யார் சொன்னாலும் செய்வதில்லை. நான் மறுத்துவிட்டுப் போன பிறகு வேறொருவர் வந்து மாட்டிவிட்டுப் போன வீடுகளும் உண்டு. அந்த வீடுகளிலிருந்து அழைப்பு வருவது நின்றுவிடும், அதை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

கம்ப்ரசர் எடுக்கும் நொடியில் விழுவது வேறு கதை. பழைய, ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கை ஒரு கணம் இழுக்கும். 8 ஆம்பியர் ஏசி 40-க்கு மேல் போய்த் திரும்பும். 'பி' வகை எம்சிபியின் காந்தம், அதில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் இழுத்துவிடும்; 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும். ஏசிக்குச் 'சி' வகையே வேண்டும். கடையில் கையில் கிடைத்த 10 ஆம்பியர் 'பி' எம்சிபியை மாட்டியிருந்தால் அது கிளம்பும்போதெல்லாம் விழத்தான் செய்யும். எம்சிபியின் முகத்திலேயே அந்த எழுத்து அச்சாகியிருக்கிறது, பார்ப்பவர்தான் இல்லை.

ஆனால் டெல்டாவில் இதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. மே, ஜூன் மாதங்களில் ஃபில்டர் பாயிண்ட் என்னும் குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். மேட்டூர் திறக்க ஜூன் 12 என்பது மரபான நாள். அதற்கு முன்பே மோட்டார்கள் ஓடத் தொடங்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரில் வீடுகளும் இருந்தால், இரவு ஒன்பது மணிக்கு ஊரே ஏசியைப் போடும் வேளையில் 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 170-க்கு இறங்கிவிடும். மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 170-இல் அது பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கம்ப்ரசர் திமிறும், சுழலாது. சுழலாத மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் அந்தப் பெரிய மின்னோட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டே நிற்கும். சில நொடிகளில் பிரேக்கர் விழும். நான் பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடும். வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் இப்படிப் பகலில் ஒன்றும் பிடிபடாமல், இரவு உணவுக்குப் பிறகு அந்த வீட்டுத் திண்ணையிலேயே மீட்டரோடு உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். அவர்களுடையது மூன்று பேஸ் இணைப்பு; மற்ற இரண்டு பேஸ்களில் 205-க்கு மேல் இருந்தது. ஏசியை வேறு பேஸுக்கு மாற்றியதோடு சரியாயிற்று. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நம்ம வயல் மோட்டாரும் இதே டிரான்ஸ்ஃபார்மர்தான் அண்ணே" என்றார்.

ஸ்டெபிலைசர் வைத்தால் தீராதா என்று கேட்பார்கள். ஏசிக்குத் தீரும், பிரேக்கருக்கு முழுவதும் தீராது. ஸ்டெபிலைசர் மின்சாரத்தைப் படைப்பதில்லை. குறைந்த வோல்டேஜை உயர்த்தித் தரும்போது அதற்கு ஈடாக லைனிலிருந்து கூடுதல் ஆம்பியரை எடுத்துக்கொள்கிறது. வெளியே 220 வோல்டில் 8 ஆம்பியர் கொடுக்க, உள்ளே 150 வருகிறதென்றால் கிட்டத்தட்ட 12 ஆம்பியர் எடுக்க வேண்டும். பிரேக்கர் பார்ப்பது அந்த 12-ஐத்தான். இன்வெர்ட்டர் ஏசியும் இதே குணமுடையதே. மெல்லக் கிளம்புவதால் தொடக்கத் தொல்லை இல்லை, ஆனால் வோல்டேஜ் குறையக் குறைய ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். ஸ்டெபிலைசரின் உண்மையான நன்மை அதிலுள்ள காத்திருப்பில் இருக்கிறது. கரண்ட் போய் உடனே திரும்பினால் கம்ப்ரசரின் இருபுறத்து அழுத்தமும் சமமாகியிராது. அதை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் மீண்டும் திமிறி நிற்கும். மூன்று நிமிடம் பொறுத்துப் போட்டால் இந்தச் சிக்கல் இராது. அந்தப் பொறுமை மனிதருக்கு இல்லாததால் ஸ்டெபிலைசரில் வைத்திருக்கிறார்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் கிளம்ப மறுத்தால், கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும். 50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும், அளந்தால் 30 காட்டும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயலோர வீடுகளின் அவுட்டோர் கன்டென்சரில் வைக்கோல் தூசும் பதரும் கம்பளிபோல் படிந்துவிடும். அரிசி ஆலைக்குக் காற்று வாக்கில் இருக்கும் வீடுகளில் உமிச் சாம்பல். வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் ஏறி, ஆம்பியரும் ஏறும். கேஸை அளவுக்கு மேல் அடைத்திருந்தாலும் இதே விளைவுதான். இவை தெரிந்த சங்கதிகள், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போட்ட கணமே 'பட்' என்ற ஓசையோடு விழுந்தால் ஷார்ட். அறுவடைக்குப் பின் வீட்டுக்குள் குடிவரும் எலி கடித்த வயர், இன்வெர்ட்டர் போர்டின் மேல் கருகிக் கிடக்கும் பல்லி, எரிந்துபோன கம்ப்ரசர் சுருள் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அப்போது திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்ப்பதைப் போன்ற கேடு வேறில்லை.

மழைக்காலத்து அழைப்புகளில் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் விழுவது பெரும்பாலும் எம்சிபியே அன்று, பக்கத்திலிருக்கும் ஆர்சிசிபி. சோதனைப் பொத்தான் இருக்கும் அந்த அகலமான கருவி ஆம்பியர் மிகுதியைப் பார்ப்பதில்லை. போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் பூமிக்குக் கசிந்தாலே விழுந்துவிடும். 15-ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் விழலாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடலோரத்து உப்புக் காற்று அவுட்டோர் யூனிட்டின் இணைப்புகளை அரித்துப் பச்சை பூக்க வைத்துவிடுகிறது; அதன்மேல் ஈரம் படிந்தால் கசிவுக்குக் கேட்க வேண்டுமா? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பின், பல நாள் இருளுக்குப் பிறகு கரண்ட் வந்த வீடுகளில் ஏசி போட்டதும் ஆர்சிசிபி விழுந்தது. யூனிட்டைத் திறந்து உலரவிட்டு, கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டும் வரை மெயினை இணைக்கவில்லை.

இந்த வகையில் வீட்டுக்காரர்களை மிகவும் திகைக்க வைப்பது, ஏசியின் எம்சிபியை அணைத்த பின்னும் ஆர்சிசிபி விழுவது. ஒற்றைத் துருவ எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கிறது. மின்சாரம் திரும்பி வரும் நியூட்ரல் வயர் அவுட்டோர் வரை இணைந்தே இருக்கிறது. அங்கே நியூட்ரல் தகட்டில் உரசி எர்த்தோடு சேர்ந்திருந்தால், சமையலறை மிக்சி ஓடும்போது அதன் திரும்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் பூமிக்குப் போய்விடும். மிக்சியின் மேல் பழி விழும். இதனால் ஏசிக்கு இருதுருவ எம்சிபியே வைக்கிறேன். ஆர்சிசிபியை விலக்கிவிட்டு நேராக இணைத்துத் தரச் சொல்பவர்களிடம், அந்த ஏசியின் அவுட்டோர் கொல்லையில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டுவேன்.

வேலை முடிந்ததும் பெட்டி மூடியின் உட்புறத்தில் தேதி, அன்றைய வோல்டேஜ், கிளம்பும்போதும் ஓடும்போதும் எடுத்த ஆம்பியர், மெக்கர் காட்டிய எண் ஆகியவற்றை மார்க்கரில் எழுதிவிட்டு வருகிறேன். அடுத்த முறை வருபவர் நானாக இல்லாமற்போனாலும், 7.8 இருந்த இடத்தில் 10 வந்திருக்கிறதா, அல்லது ஆம்பியர் அப்படியே இருக்க திருகுதான் மறுபடியும் தளர்ந்திருக்கிறதா என்பதை மூடியைத் திறந்தவுடன் அவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.