பூட்டனின் பேர்

அப்பா போய் வருடம் திரும்பி வந்த முதல் ஆடி அமாவாசை. அவருக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியவே மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்கரையில் இருந்தேன். (அம்மாவுக்கு என்றால் சித்திரா பௌர்ணமி, நம்ம பக்கத்து வழக்கம்.)

தர்ப்பை மோதிரத்தைப் போட்டுவிட்டு ஐயர் கேட்டார்: “தம்பி, அப்பாட பேர்? அப்பப்பாட பேர்? பூட்டன்ட பேர்?”

மூன்றாவது எனக்குத் தெரியவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியப்பாதான் மெல்லச் சொல்லித் தந்தார்.

அப்பா வசுவாக, அப்பப்பா ருத்திரராக, பூட்டன் ஆதித்தியராக, தேவ வடிவில் வந்து ஏற்பார்கள் என்பது நம்பிக்கை. ஒவ்வொருவருக்கும் மூன்று தரம், “ஸ்வதா நமஸ் தர்ப்பயாமி.” கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் எள்ளுத் தண்ணீர் வழிந்தது. ஒரு கறுப்பு எள் மட்டும் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மகனின் கொப்பியில் அந்த மூன்று பேரையும் அவனைக் கொண்டே எழுதுவித்தேன்.