க்யூபில் எதைப் பரிமாணமாக்குவது?

ஆரக்கிளின் தரவுத்தள மென்பொருளான எஸ்பேஸில் நிதித் திட்டமிடலுக்கான க்யூப் (எண்களைப் பல கோணங்களில் அடுக்கிவைக்கும் தரவுத்தளம்) ஒன்றை வடிவமைக்க உட்காரும்போது, அதன் கட்டமைப்பை வரையும் அவுட்லைனைத் திறப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண்கள் எந்தெந்தச் சேர்க்கைகளில் உண்மையாகவே இருக்கின்றன? கணக்கு, மாதம், ஆண்டு, சினாரியோ (பட்ஜெட், உண்மைச் செலவு போன்ற வகை), வெர்ஷன் (வரைவு, இறுதி போன்ற வடிவம்), நிறுவனப் பிரிவு ஆகிய பரிமாணங்கள், அதாவது எண்களைப் பிரித்துப் பார்க்கும் கோணங்கள், ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் வந்துவிடும். அவற்றுக்கு மேல் எதைச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சம்பளச் செலவை எடுத்துக்கொள்வோம். 2,000 ஊழியர்களையும் 40 துறைகளையும் தனித்தனிப் பரிமாணங்களாக வைத்தால் 80,000 சேர்க்கைகள் சாத்தியம். ஒருவர் ஒரு துறையில்தான் இருப்பார் என்பதால் ஒரு மாதத்தில் நிரம்புபவை 2,000 மட்டுமே. ஆகவே துறையை ஊழியரின் ஆட்ரிபியூட்டாக (அவரோடு ஒட்டிய ஒரு பண்பாக) வைத்துவிடத் தோன்றும். ஆனால் ஆண்டின் நடுவில் ஒருவர் துறை மாறினால், சாதாரண ஆட்ரிபியூட் அவருடைய பழைய மாதச் சம்பளத்தையும் புதிய துறைக்கே கொண்டுபோய்விடும். முன்பே ஒப்புதல் பெற்ற அறிக்கையின் எண்கள் மாறிப்போகும். இடமாற்றம் வழக்கமாக உள்ள நிறுவனங்களில் இரண்டையும் ஸ்பார்ஸ் (பெரும்பாலான சேர்க்கைகளில் தரவு இல்லாத) பரிமாணங்களாகவே வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. தரவே இல்லாத சேர்க்கைக்கு பிளாக் (எண்களைச் சேமிக்கும் தொகுதி) உருவாகாது என்பதால் இழப்பு பெரிதல்ல.

டென்ஸ் (பெரும்பாலான சேர்க்கைகளில் தரவு உள்ள) பரிமாணங்களில் இந்தத் தாராளம் கூடாது; அவற்றின் எல்லாச் சேர்க்கைகளுக்கும் ஒவ்வொரு பிளாக்கிலும் அறை ஒதுக்கப்படும். சேமிக்கப்படும் 500 கணக்குகளும் 12 மாதங்களும் டென்ஸாக இருந்தால், ஓர் அறைக்கு 8 பைட் வீதம் ஒரு பிளாக் 48,000 பைட் ஆகும். இதோடு 100 பொருட்களைக் கொண்ட பரிமாணத்தையும் டென்ஸாக்கினால் அது 48 லட்சம் பைட்டாகிவிடும். ஒரே ஓர் எண்ணைப் படிக்கவும் அந்த முழு பிளாக்கும் நினைவகத்துக்கு வந்தாக வேண்டும். காலாண்டு, ஆண்டு மொத்தங்களை டைனமிக் கால்க் (சேமிக்காமல், கேட்கும்போது கணக்கிடுவது) ஆக்குவதும் பிளாக்கைச் சிறிதாக வைத்திருக்கத்தான்.

பலர் தவறவிடும் இடம் டைம் பேலன்ஸ், அதாவது மாத மதிப்புகளிலிருந்து ஆண்டு மதிப்பு எப்படி வர வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. மாதந்தோறும் 120 பேர் உள்ள பிரிவுக்கு, இந்த அமைப்பு இல்லையென்றால் ஆண்டு மொத்தம் 1,440 பேர் என்று வரும். ஒரு மாதத் தரவை மட்டும் ஏற்றிச் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. கடைசி மாத மதிப்பை எடுக்கும்படி அமைத்து, தரவில்லாத மாதங்களைத் தவிர்க்கவும் சொல்லிவிட்டால், ஆண்டின் பாதியிலும் சரியான எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் இனிவரும் மாதங்களுக்கு யாராவது பூஜ்யத்தை ஏற்றிவிட்டால், பூஜ்யமும் தரவாகவே கொள்ளப்பட்டு, ஆண்டுக்கு ஆளே இல்லை என்று அறிக்கை காட்டும். ஆகையால் தரவேற்றும் விதியிலேயே அந்தப் பூஜ்யங்களைத் தடுத்துவிடுகிறேன்.