ஒரிஜினல் ரசீது எங்கே?

ஒருவழியாகப் பணம் கணக்கில் ஏறிவிட்டது. கேட்டது முழுசாக வரவில்லை, தங்கும் செலவும் பேருந்துக் கட்டணத்தில் பாதியும்தான். பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்கு அனுப்பிவிட்டு அந்தச் செலவைத் திரும்பக் கேட்கப் போகிற பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். என் மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். கோலாலம்பூரில் வயதுப் பிரிவுப் போட்டி. பெயர் கொடுத்தது, போனது, ஓடியது, வந்தது எதிலும் சிக்கல் இல்லை. செலவை முதலில் நாம் செய்ய வேண்டும், அப்புறம் உதவி நிதியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அது 2024. பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஆகியிருந்த வருடம். போட்டி முடிந்த கையோடு வீட்டுக்காரருக்கு ஆட்குறைப்பில் வேலை போனது.

உதவி நிதிக் கவுண்டரில் இருந்தவர் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார். வேலை போய்விட்டது என்றேன். "சம்பளச் சீட்டு இல்லன்னா ஃபார்ம் முழுமையாகாது மேடம்" என்றார். ஆட்குறைப்புக் கடிதத்தை நீட்டினேன். அதற்கு ஃபார்மில் கட்டமே இல்லையாம்! கஷ்டப்படுகிறவர்களுக்கென்று வைத்த நிதியில், சம்பளம் வாங்குகிறவர்தான் கஷ்டத்தை நிரூபிக்க முடியும் போலிருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. அரசு இணையச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் கணக்கு வழியாக, சம்பளத்தோடு மாதாமாதம் கட்டப்படும் மத்திய சேமநிதிச் சந்தா விவரத்தை எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். எந்த மாதத்தோடு சந்தா நின்றது என்று அதில் தெரியும். அதைப் பார்த்ததும் மறுபேச்சில்லை.

அடுத்தது ரசீது. பேருந்து ரசீது மை இல்லாமல் சூட்டிலேயே எழுத்து விழும் அந்த வழவழப்பான தாளில் அச்சானது. பதில் வர அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் எழுத்தெல்லாம் வெளுத்து, விளக்கருகே சாய்த்துப் பிடித்தால் தேதி மட்டும் லேசாகத் தெரிந்தது. போனில் படம் இருக்கிறது என்றேன். "ஒரிஜினல் வேணும்." ஒரிஜினல் இதுதானே ஐயா! மகளின் பயிற்றுநர், அணியோடு போனாள் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். அதையும் வங்கி அறிக்கையையும் வைத்துத்தான் பாதிக் கட்டணமாவது தேறியது. ரசீது கைக்கு வந்த அன்றே நகல் எடுத்து, அதில் பயிற்றுநரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

இந்த இழுபறி நடக்கும்போதுதான் தேசிய தினத்தன்று எங்கள் பாய்மர வீரர் மேக்ஸ் மேடர் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். பரிசு 250,000 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். வீட்டில் ஒரே விவாதம். விலைவாசி இருக்கிற இருப்பில் ஒரு பதக்கத்துக்கு இவ்வளவா என்று கொழுந்தனார் பொரிந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிம்பிக் மன்றத்தின் அந்தப் பரிசுத் திட்டம், பந்தய வருமானத்திலிருந்து பொதுப்பணிகளுக்கு நிதி தரும் டோட் போர்டு ஆதரவில் நடப்பது. நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் 2016 ஒலிம்பிக்கில் தங்கத்துக்கு வாங்கிய 10 லட்சம் வெள்ளிக்கும் வரி உண்டு, அதில் 20 விழுக்காடு நீச்சல் சங்கத்துக்குப் போனது. ஓட்டக்காரி சாந்தி பெரேரா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியபோது அந்தப் பரிசை யார் வீட்டில் குறை சொன்னார்கள்? எங்கள் வீட்டில் இனிப்பு வாங்கினோம்.

என் வயிற்றெரிச்சல் வேறு. பரிசெல்லாம் ஜெயித்த பிறகு வருவது. ஸ்கூலிங்கைப் பள்ளி வயதிலேயே ஃபுளோரிடாவுக்கு அனுப்பிச் செலவழித்தது அவருடைய பெற்றோர். அது முடியாத வீட்டுப் பிள்ளை ஓட ஆரம்பிக்கும் வயதில், ஒரு பேருந்து ரசீதுக்கு இத்தனை கேள்வி. மேலே இருக்கிற தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை. கீழே இருக்கிற கவுண்டரைக் கொஞ்சம் சரிசெய்யட்டும்.

இன்னும் ஒன்று. நாங்கள் போன இடத்தில் ஓடுவதற்கான ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணிக்குக் காசு கிடையாது. அது "தனிப்பட்ட உடைமை"யாம். உங்கள் இடத்தில் எப்படி என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதைப் பிறகு யாரும் ஒத்துக்கொள்வதில்லை.