மட் டயர் வாங்கினேன்: முதலில் அளவு, கம்பெனி கடைசியில்

"மட் டயர் போடப் போகிறேன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதுதான். என் விஷயத்தில் கம்பெனி கடைசியாகத்தான் முடிவானது, அதற்குப் பெரிய யோசனையும் தேவைப்படவில்லை. மண்டையைக் குடைந்ததெல்லாம் அளவும், டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்லும் லோட் ரேஞ்ச் எழுத்தும்தான். அதனால் இங்கே அவற்றைப் பற்றித்தான் நிறைய இருக்கும், பிராண்டு சண்டை பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறலாம்.

வண்டி குட்டை வீல்பேஸ், லேடர் ஃப்ரேம், ஃபோர் வீல் டிரைவ். ரிம் 16 இன்ச் விட்டம், 7 இன்ச் அகலம். வண்டியோடு வந்த டயர் 245/75 ஆர்16: அகலம் 245 மிமீ, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம் 16 இன்ச். சஸ்பென்ஷனை உயர்த்தவில்லை, உயர்த்தும் எண்ணமும் இல்லை. நான் போகும் தடங்களில் மழைக்கப்புறம் ஒரு சாண் ஆழத்துக்குக் களிமண் நிற்கும், அதற்குக் கீழே கெட்டித் தரை, நடுநடுவே விளிம்பு கூரான கற்கள். இதை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் டயர் படங்களைப் பார்க்க ஆரம்பித்தால் நாம் போகிற பாதை மறந்துபோய், போகவே போகாத சதுப்பு நிலத்துக்கெல்லாம் டயர் தேட ஆரம்பித்துவிடுவோம்.

மட் டயர் தேவைதானா என்பதையே முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. ஆல் டெரைன், அதாவது எல்லாத் தரைக்குமான டயரில் ட்ரெட் (தரையைத் தொடும் பகுதி) கட்டைகள் நெருக்கமாக இருக்கும். களிமண்ணில் நாலு சுற்று சுற்றியதும் இடைவெளிகள் அடைத்துக்கொள்ளும், அப்புறம் டயர் வழுவழுவென்று உருளைக்கட்டை மாதிரி ஆகிவிடும், எவ்வளவு ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் நின்ற இடத்திலேயே வழுக்கும். மட் டயரில் கட்டைகள் பெரிசு, இடைவெளி அகலம். சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சேறு தெறித்து வெளியே போய்விடும், அடுத்த சுற்றுக்குக் கட்டை சுத்தமாக இருக்கும். சேற்றில் பிடிப்பு என்பதில் பாதி இந்தத் துப்புகிற வேலைதான். அதோடு ட்ரெட்டிலிருந்து சைடுவாலுக்கு இறங்கி வரும் பக்கக் கட்டைகள் பள்ளத்தின் சுவரைப் பிடித்து மேலே ஏறவும் உதவும்.

இதற்கு விலை தார் சாலையில், அதுவும் மழையில். தரையைத் தொடும் ரப்பர் குறைவு, தண்ணீர்ப் படலத்தை வெட்டும் சின்னச் சின்னக் கீறல்களும் குறைவு, ஆக ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடத்தான் செய்யும். நண்பர் ஒருவரின் வண்டியில் மட் டயர் இருந்ததால் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். சத்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அது பழகிவிடும். ஈரமான வளைவில் வண்டி லேசாக அகலமாகப் போக நினைப்பது பழகாது, அங்கே வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். தினமும் நெடுஞ்சாலையில் போய்வருகிறவராக இருந்திருந்தால் அன்றைக்கே இந்த எண்ணத்தை விட்டுவிட்டு, நிட்டோ ரிட்ஜ் கிராப்ளர் மாதிரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கலப்பு ரகத்துக்குப் போயிருப்பேன். என் வண்டி வார இறுதியில் ஓடுகிற வண்டி. சரி, மட் டயரே என்று முடிவாயிற்று.

அடுத்தது அளவு. சஸ்பென்ஷனைத் தொடாமல் கொஞ்சம் உயரமான டயர் போடலாம் என்று பார்த்தால் இரண்டு அளவுகள் வந்து நின்றன: 265/75 ஆர்16, 235/85 ஆர்16. கணக்கு எளிது. அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் சைடுவால் உயரம், அதை இரண்டு மடங்காக்கி ரிம்மின் 406 மிமீயோடு கூட்டினால் மொத்த உயரம். 265-க்குக் கிட்டத்தட்ட 804 மிமீ வருகிறது, 235-க்கு 806. அதாவது இரண்டும் ஒரே உயரம், வித்தியாசம் 30 மிமீ அகலம் மட்டும். பழைய டயர் 774 மிமீ. எதைப் போட்டாலும் 30 மிமீ உயரம் கூடும், ஆனால் அச்சு ஏறுவது அதில் பாதி, 15 மிமீதான். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு கல்லில் உரசுகிற இடத்தில் அந்த 15 மிமீ பெரிய விஷயம்.

அகலமான டயர்தான் சேற்றுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது அடியில் தரையே இல்லாத சேற்றுக்கும் மணலுக்கும் பொருந்தும், அங்கே மேலேயே மிதந்து போக வேண்டும். என் தடம் மாதிரி அடியில் கெட்டித் தரை இருந்தால், ஒடுக்கமான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போய் அந்தத் தரையைப் பிடித்துவிடும். அகல டயர் நடுவில் தொங்கும், முன்னால் சேற்றைத் தள்ளிக்கொண்டும் போகும். இந்த இடத்தில் 235 பக்கம் சாய்ந்தேன்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல். 265/75 அளவில் லோட் ரேஞ்ச் சி, டி, இ என்று பல வகை வருகிறது, எழுத்து ஏற ஏற டயர் விறைப்பு. 235/85 பெரும்பாலும் இ மட்டும்தான், பத்து ப்ளை (அடுக்கு) மதிப்பு என்று சொல்வார்களே அது. சைடுவாலில் இ எழுதியிருக்கும் டயர் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வரை தாங்கும், லோட் இண்டெக்ஸ் 120, அதாவது ஒரு டயருக்கு 1400 கிலோ. நாலு டயருக்கு ஐந்தரை டன்னுக்கு மேல்! என் வண்டி ஆளும் சாமானும் ஏறினாலும் இரண்டு டன் பக்கம்தான். அவ்வளவு விறைப்பான டயரைக் குட்டி வண்டியில் போட்டால் அது வளையாது, வளையாவிட்டால் கல்லைச் சுற்றிக்கொள்ளாது, சின்னக் குழிகூட இடுப்பில் தெரியும். சி ரகமாக இருந்தால் இதமாக இருக்கும், ஆனால் கூரான கல் சைடுவாலைக் கிழிப்பதுதான் என் தடத்தில் உண்மையான பயம். ட்ரெட்டில் ஓட்டை விழுந்தால் பிளக் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம், சைடுவால் கிழிந்தால் ஸ்டெப்னிதான், இரண்டாவது கிழிந்தால் நடைதான்.

இதைக் கொஞ்ச நாள் மனசில் போட்டு உருட்டினேன். முடிவைத் தந்தது சைடுவால் உயரம். 235/85-க்கு சைடுவால் கிட்டத்தட்ட 200 மிமீ, பழைய டயரில் 184. உயரமான சைடுவால் விறைப்பாக இருந்தாலும் காற்றை இறக்கினால் வளைய இடம் இருக்கிறது. வாரா வாரம் மணலுக்குப் போகிறவராக இருந்தால் நிச்சயம் 265 சி என்று சொல்வேன், எனக்கு 235 இ.

வாங்குவதற்கு முன் பொருந்துமா என்று பார்த்த விதம்: பெரிய அட்டையில் 806 மிமீ வட்டம் வெட்டி, பின்கதவில் ஸ்டெப்னி மாட்டும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். பம்பருக்கு மேலே ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. அப்புறம் ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுக்க அழுந்திய நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, மட் ஃப்ளாப், உள் பிளாஸ்டிக், ஸ்வே பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மூன்றுக்கும் டேப் வைத்து அளந்தேன். சமதரையில் நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்பவே கூடாது. அகலம் கூடாததால் உள் பக்கம் தப்பித்தது, மட் ஃப்ளாப்பை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்ட வேண்டியிருந்தது. ரிம் அகலமும் பார்க்க வேண்டும்: 235/85-க்கு 6 முதல் 7 இன்ச், 265/75-க்கு 7 முதல் 8. என் 7 இன்ச் ரிம் இரண்டுக்குமே எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ட்ரெட் டிசைனும் கம்பெனியும். குட்இயர் ராங்ளர் எம்டி/ஆரில் சைடுவாலுக்குள் கெவ்லார் இழை இருக்கிறது, ட்ரெட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கூப்பர் எஸ்டிடி ப்ரோ மூன்று ப்ளை உடம்பு. பிஎஃப் குட்ரிச் கேஎம்3 2018-இல் வந்தது, தோள் கட்டைகளுக்கு நடுவே சேறு ஒட்டாமல் உதிர்வதற்கென்றே மேடுகள் வைத்திருக்கிறார்கள். டோயோ ஓப்பன் கன்ட்ரி எம்டியும் பட்டியலில் இருந்தது. இன்டர்கோ சூப்பர் ஸ்வாம்பர் டிஎஸ்எல் பார்க்க ஆசையாக இருந்தது, மூன்று நிலை லக் (கட்டை), உண்மையான சேற்று ராட்சசன். ஆனால் அதில் பல அளவுகள் பயாஸ் ப்ளை (உள் இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய பாணி), இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் தட்டையாகிப்போன இடம் சூடாகும் வரை தடதடக்கும். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரி.

மற்றவற்றில் என் அளவில், ஐந்தும் புதிய தேதியோடு எது கிடைத்ததோ அதை எடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் மேலே எழுதியதெல்லாம் போய் அந்தப் பெயர் மட்டும் நிற்கும். தேதி என்பது சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நாலு எண்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து டயரையும் உருட்டி உருட்டிப் பார்த்தேன், இது சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் முழுசாக அச்சாகியிருக்கும். விற்பவர் பொறுமை இழந்தாலும் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது ஒரு ரிம்முக்கு பேலன்சிங் ஈயம் அளவுக்கு மீறிக் கேட்டது. டயரை ரிம்மில் பாதி சுற்று திருப்பி மறுபடி உட்கார வைக்கச் சொன்னேன், பாதிக்கும் குறைவாக இறங்கிவிட்டது. மட் டயர் கனமானது, இந்த வேலையில் அவசரப்பட விடாதீர்கள். புது ரப்பரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாகத்தான் போனேன், கொஞ்சம் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கினேன்.

காற்று அழுத்தம்தான் அதிகம் விளையாட வைத்தது. வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் எண் பழைய டயருக்கானது, எல்டி (லைட் டிரக்) டயருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுமை அட்டவணையில் இந்த அளவுக்கு வரிசையே 35 பிஎஸ்ஐயில்தான் தொடங்குகிறது, அதிலேயே ஒரு டயர் 700 கிலோவுக்கு மேல் தாங்கும். ட்ரெட்டின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, நேரான காய்ந்த சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, எங்கே அழிகிறது என்று பார்த்தேன். 42-இல் நடுவில் மட்டும் அழிந்தது, 35-இல் அநேகமாக ஓரம் வரை. அதற்குக் கீழே தார் சாலையில் இறங்குவதில்லை. தடத்துக்கு 20, ஆழமான களிமண்ணுக்கு 16, அந்த அழுத்தத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது, பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். எதிர்பார்த்தபடி 20-க்கும் 16-க்கும் நடுவில்தான் இந்த விறைப்பான சைடுவால் மனசு மாறி வளைய ஆரம்பிக்கிறது.

ஸ்பீடோமீட்டர் இப்போது 4 சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும். ஐ.நா. வாகன விதி 39-படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டித்தான் வைக்கின்றன. ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் என் மீட்டரும் உண்மை வேகமும் இப்போது ஏறக்குறைய ஒன்று. ஓடோமீட்டர் மட்டும் குறைவாக எண்ணும், ஆகவே மைலேஜ் கணக்கில் 4 சதவீதம் சேர்த்துக்கொள்கிறேன். சேர்த்த பிறகும் பழையதைவிடக் குறைவுதான், பிக்கப்பும் ஒரு துளி மந்தம்.

கட்டைகள் ஒரு விளிம்பு உயரமாகவும் மறு விளிம்பு தாழ்வாகவும் தேய ஆரம்பித்தால் சத்தம் ஊளையாக மாறிவிடும். கையால் ட்ரெட்டை முன்னும் பின்னும் தடவினாலே தெரியும். அதனால் 6000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றுகிறேன். பின்கதவில் தொங்கும் அந்த ஐந்தாவது டயர் பழையதைவிடப் பல கிலோ கனம், கதவுக் கீல் லேசாக இறங்கியிருக்கிறது, அடுத்த சுழற்சியில் டயரைக் கழற்றும்போது கீலுக்குக் கீழே ஒரு தகடு வைத்துப் பார்க்க வேண்டும்.