மலிவான டிரை ஒயிட் ஒயின் சுவைத்துப் பார்த்த குறிப்பு: இந்த முறை மஸ்கடே

டிரை, அதாவது இனிப்பு தட்டாத, ஒயிட் ஒயினைச் சுவைத்து எடைபோடக் கொஞ்ச நாளாகப் பழகி வருகிறேன். விலை குறைந்த பாட்டில்களாகத்தான் எடுக்கிறேன். ஓக் பீப்பாய் வாசனையும் பல வருட முதிர்ச்சியும் சேர்ந்த ஒயினில் எதைக் கவனிப்பது என்றே புரியாது. மலிவான ஒயினில் திராட்சையும் புளிப்பும்தான் முன்னால் நிற்கும்; பழகுவதற்கு அது நல்லது.

இந்த முறை மஸ்கடே. பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேரும் பக்கம், நாந்த் நகரைச் சுற்றி விளைவது. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோஞ். 1709-இன் கடுங்குளிரில் அங்கிருந்த கொடிகள் பட்டுப்போனதும், குளிர் தாங்கும் என்று இதை நிறைய நட்டார்கள். தூக்கலான வாசனை இல்லாத திராட்சை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகவே படவில்லை.

லேபிளில் 'சூர் லீ' என்று இருக்கிறதா எனப் பார்த்து எடுத்தேன். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படியும். ஒயினைக் குளிர்காலம் முழுக்க அந்த மண்டியின்மேலேயே விட்டுவைத்து, மார்ச் பிறந்த பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். அதில்தான் லேசான கொழுமையும் நாக்கில் மெல்லக் குறுகுறுக்கும் வாயுவும் வருகின்றன.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு வாய் குடித்தேன். சில்லிப்பு, புளிப்பு, அவ்வளவுதான். அந்தக் குளிரில் எந்த ஒயினும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. கிளாஸில் கால்வாசி ஊற்றி அப்படியே வைத்துவிட்டேன். 10 டிகிரி பக்கம் வந்ததும் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், பின்னால் ரொட்டி மாவு வாசனை. விழுங்கிய பிறகு ஓர் உப்புக் கரிப்பு. ஆல்கஹால் 12 சதவீதம்தான், தொண்டையில் எரியவே இல்லை.

இன்னும் கொஞ்சம் சூடேற விட்டேன். என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு சொல்ல வேண்டிய இடம் இதுதான். முன்பு பினோ கிரிஜியோ என்ற வேறொரு ஒயிட் ஒயின் இந்தக் கட்டத்தில் அப்படியே சரிந்துவிட்டது: புளிப்பு ஒரு பக்கம், ஒட்டும் இனிப்பு ஒரு பக்கம். மஸ்கடே சற்றுத் தளர்ந்ததே தவிர, கலையவில்லை.

டிரைதானா என்று பார்க்க எனக்கு நன்றாக உதவுவது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடிப்பது. பழ வாசனை மூக்கில் ஏறினால், சர்க்கரையே இல்லாத ஒயின்கூட இனிப்பதுபோலத் தோன்றும். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை டிரை. புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 கிராம் வரைகூட அந்தப் பெயர் போடலாம். அதனால் லேபிளை மட்டும் நம்ப முடியாது. மூக்கைப் பொத்தியும் இதில் இனிப்பு துளிகூடத் தட்டவில்லை. புளிப்புக்கு வேறு சோதனை: விழுங்கிய பிறகு நாக்கின் இரு ஓரமும் எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று பார்ப்பேன். இதில் நன்றாக ஊறியது. பல் கூசும் அளவுக்குப் போகவில்லை.

மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளும் குடித்தேன். குறுகுறுப்பு போய்விட்டது, ஆப்பிளும் மங்கல். வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனை வந்தால் காற்று பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அது வரவில்லை. உப்புக் கரிப்பு மட்டும் முந்தின நாளைவிடத் தெளிவாக இருந்தது.

சரி, என் கணக்கில் இது தேறிவிட்டது. நீளம் சற்றுக் குறைவு, விழுங்கிய கொஞ்ச நேரத்தில் சுவை அடங்கிவிடுகிறது. ஆனால் சுத்தமான, நேர்மையான ஒயின். மறுபடி வாங்குவேன்.

அடுத்து பிக்பூல் த பினே. அதுவும் பிரெஞ்சு ஒயின்தான், ஆனால் தெற்கே மத்தியதரைக் கடலோரம் விளைவது. அதன் பக்கத்திலேயே ஒரு மஸ்கடேயையும் திறந்து, இரண்டையும் ஒரே குளிரில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.